எங்கள் வீட்டு டெக்கில் கேட்டது

டிரம் சோலோ இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் அது இசை இல்லை, உடற்பயிற்சி. இரட்டை ஆல்பம் போடுகிற எந்த ராக் குழுவிடமும் ஒரு ஆல்பத்துக்கு வேண்டிய பாட்டுகள்தான் இருக்கும். மீதியெல்லாம் குழுவுக்குள் சண்டை வராமலிருக்கச் சேர்த்தவை. சினிமாவில் கதாநாயகன் கிடாரைக் கையில் எடுத்தால் நான் அவனுடைய இடது கையைத்தான் பார்ப்பேன். விரல்கள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்க, பின்னணியில் ஸ்வரங்கள் மழையாகக் கொட்டினால் அந்தப் படம் எனக்கு அங்கேயே முடிந்தது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் நடுவர் கண்ணைத் துடைக்க ஆரம்பித்தால் நான் ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிடுவேன்.

இந்த மாதிரி கருத்துகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் இயற்பியல் வாத்தியாராக இருக்கிறேன். அங்கே ஆசிரியர் அறையில் யாராவது நேற்று ஒரு படம் பார்த்தேன் என்று ஆரம்பித்தால், மற்றவர்கள் என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார்கள். என் பேச்சை முழுதாகக் கேட்டு, அதே சூட்டோடு மறுத்துப் பேசுகிற ஒரே ஆள் என் மனைவியின் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மனைவியை இழந்தவர், மகள் வேலை நிமித்தம் வெளியூரில். சாப்பிட்டு முடித்து, டிவியில் ஏதாவது ஒரு படத்தைப் போட்டு, படம் ஓட ஓட நாங்கள் இருவரும் அதைப் பிய்த்து எறிவோம். எனக்குத் திரைக்கதை பிடித்தால் அவருக்கு ஒளிப்பதிவு பிடிக்காது. அவர் கண் கலங்கும் காட்சியில் நான் சிரிப்பேன். இருபத்தைந்து வருடமாக என் வாரத்தில் இதைவிட நல்ல மத்தியானம் வேறு கிடையாது.

அந்த இருபத்தைந்து வருடமும் நான் அவரிடம் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். இப்போது மறைக்க ஒன்றும் இல்லை. அதனால்தான் நிம்மதியாக உட்கார்ந்து இதை எழுத முடிகிறது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. இந்த ஊரில் ராக் இசைப் பைத்தியம் பிடித்த கல்லூரிப் பையன்கள் சிலர் சேர்ந்து, ஜெராக்ஸ் எடுத்த நாலு பக்க இதழ் ஒன்றை மாதாமாதம் கொண்டுவந்தார்கள். கேசட் கடைக் கவுண்டரில் அடுக்கி வைத்திருக்கும். அதில் புனைபெயரில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தவன் நான். புதுப் படம், கேபிள் டிவி, ஆல்பம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வாய்க்கொழுப்பு என்று சொல்வார்களே, அதற்கு மாதம் ஒருமுறை ஒரு பக்கம் ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள்.

அந்த சமயத்தில் கன்டோன்மென்ட் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் ஒரு குழு வைத்திருந்தார்கள். கல்லூரி விழாக்களில் வாசித்துப் பெயர் வாங்கியவர்கள். கைக்காசு போட்டு எட்டுப் பாட்டுகளோடு ஒரு கேசட் வெளியிட்டார்கள். நான் அவர்களை மேடையில் பார்த்ததில்லை. கேசட்டை வாங்கி வந்து எங்கள் வீட்டு டெக்கில் போட்டுக் கேட்டேன். பாட்டு நகரவே மாட்டேன் என்றது. பாடகன் குரல் சளி பிடித்த மாதிரி கனத்துக் கிடந்தது. டிரம் வாசிப்பவர்தான் எல்லாரையும் பின்னால் பிடித்து இழுக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதினேன், தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘டிரம் வாசிப்பவர் கல்யாணப் பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து, பாயில் படுத்தபடியே வாசித்திருக்கிறார். யாராவது அவரை எழுப்பிவிடுங்கள்.’ கடையில் அந்த இதழ் இரண்டே நாளில் தீர்ந்தது. கடைக்காரர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

குழு அடுத்த சில மாதங்களில் கலைந்தது. எனக்கு அது தெரியவும் தெரியாது, கவலையும் இல்லை.

மூன்று வருடம் கழித்து எனக்குப் பெண் பார்த்தார்கள். பங்குச் சாமியார் மூலமாக வந்த இடம். நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அண்ணனை அறிமுகம் செய்தபோது அவருடைய சித்தப்பா, இவன் டிரம்ஸ் எல்லாம் வாசிப்பான், கேசட்கூடப் போட்டிருக்கான் என்று சொல்லி, குழுவின் பெயரையும் சொன்னார். என் கையில் இருந்த ஜூஸ் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதோடு விட்டார்களா. எவனோ ஒரு புண்ணியவான் பேப்பரில் என்ன எழுதினான் தெரியுமா என்று, கல்யாணப் பந்தி வாக்கியத்தைச் சித்தப்பாவே தமிழில் நடித்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கல்யாணம் முடியட்டும் என்று விட்டேன். பிறகு முதல் குழந்தை பிறக்கட்டும் என்று விட்டேன். அதற்குள் அந்த வாக்கியம் அந்தக் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. யார் வீட்டு விருந்திலும், யாராவது சாப்பிட்டுவிட்டுக் கொட்டாவி விட்டால் ஒருவர் எடுத்து விடுவார். மச்சான் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, டிரம்ஸை விற்று, பிறகு ஒரு குச்சியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. அந்தக் கேசட்டை அவர் போட்டுக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. எழுதினவன் கையில் மாட்டினால் என்ன செய்வேன் என்று அவர் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. தன்னை எழுத்தில் கேலி செய்தவன் வீட்டுச் சோற்றைத்தான் இத்தனை வருடம் தின்றோமா என்று எந்த மனுஷனுக்கும் தோன்றத்தானே செய்யும்.

ஒரே ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். புதிதாக வந்திருந்த இளம் சாமியார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது எந்த ஆல்பம் என்று கேட்டார். பரலோக மந்திரம் மூன்று முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாரம் இறங்கவில்லை.

என் மனசாட்சிக்கு ஒரு சமாதானம் மட்டும் வைத்திருந்தேன். எழுதிய விதம் தப்பாக இருக்கலாம், கருத்து தப்பில்லை. அந்த டிரம்ஸ் நிஜமாகவே மெதுவாகத்தான் இருந்தது. விமர்சகன் உண்மையைத்தானே சொல்ல வேண்டும். இத்தனை வருடம் என்னைத் தாங்கிப் பிடித்தது அந்த ஒரு சமாதானம்தான்.

போன மாசி மாதம் அதுவும் போனது.

அந்தக் குழுவின் கிடாரிஸ்ட் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். பழைய மாஸ்டர் டேப்பைத் தேடி எடுத்து, எட்டுப் பாட்டையும் இணையத்தில் ஏற்றிவிட்டார். மச்சானின் மகள் அதைக் கண்டுபிடித்து, அப்பாவோட பேண்டு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். ஆளாளுக்குக் கைதட்டல் படம் அனுப்பினார்கள். மச்சான் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் இயர்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். அல்சூர் ஏரி வருவதற்குள் மூன்று பாட்டு முடிந்திருந்தது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதையே கவனிக்கவில்லை. இது அந்தக் கேசட் இல்லை. பாடகன் குரல் மேலே, தெளிவாக இருந்தது. டிரம்ஸ் பாட்டுக்கு முன்னால் ஓடியது. ஒரு இடத்தில் எல்லா வாத்தியமும் நின்று டிரம்ஸ் மட்டும் நாலு அடி அடித்துவிட்டுத் திரும்பும். எனக்குக் கையில் ரோமம் நின்றது.

சந்தோஷப்பட்டேனா? இல்லை. கோபம்தான் வந்தது. கிடாரிஸ்ட் ஃபிராடு செய்கிறார் என்று முடிவு கட்டினேன். கம்ப்யூட்டரில் வேகத்தைக் கூட்டி ஏற்றியிருக்கிறார், வேறென்ன. வேகத்தைக் கூட்டினால் குரலும் மேலே போகும். அதிர்வெண் பாடத்தை வருடா வருடம் நடத்துகிறவனிடமே வேலையைக் காட்டுகிறாரா. ஒரிஜினல் கேசட் என்னிடம் இருந்தது. மனைவி கண்ணில் படாமல் ஆங்கிலம் கற்றுத்தரும் கேசட் ஒன்றின் டப்பாவுக்குள் இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்தேன். அலமாரி மேல் கிடந்த பழைய டெக்கை இறக்கினேன். அது ஓடவில்லை. சனிக்கிழமை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கிடாரிஸ்டின் முகத்திரையைக் கிழிப்பதுதான் திட்டம்.

கடைக்காரர் வயதான பாய். டெக்கின் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். பெல்ட் போயிருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, இதை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். கல்லூரி நாளில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றேன்.

“இந்த மோட்டார் இந்த செட்டுது இல்ல சார். யாரோ வேற மோட்டார் தூக்கிப் போட்டிருக்கான். இது மொதல்லேர்ந்தே மெதுவாத்தான் ஓடியிருக்கும். நீங்க வாங்கும்போதே அப்படித்தான்.”

அப்படி இருக்க முடியாது என்றேன். நூற்றுக்கணக்கில் கேசட் கேட்ட டெக் இது, எல்லாம் சரியாகத்தான் கேட்டது. அவர் ஒரு கேள்விதான் கேட்டார். அந்தக் கேசட் எல்லாம் கடையில் வாங்கினதா, இதிலேயே ரெக்கார்ட் பண்ணினதா?

கடையில் வாங்க எனக்கு ஏது வசதி. நண்பன் வீட்டில் இசைத்தட்டுப் பிளேயர் இருந்தது. இந்த டெக்கைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்துப்போய், அங்கே ஒயர் போட்டு ஒவ்வொரு ஆல்பமாகப் பதிவு செய்து வருவேன். மெதுவாக ஓடுகிற டெக்கில் பதிவு செய்து, மெதுவாக ஓடுகிற அதே டெக்கில் போட்டால் எல்லாம் சரியாகத்தான் கேட்கும். அந்த டெக்கில் மட்டும். என்னிடம் கேசட் இரவல் வாங்கிப் போனவர்கள் எல்லாரும், பாடகன் குழந்தைக் குரலில் கத்துகிறான், பாட்டு குதித்துக்கொண்டு ஓடுகிறது என்று திருப்பித் தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உங்கள் டேப் ரிக்கார்டர் சரியில்லை, எங்கள் வீட்டு டெக்கில் வந்து கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். கடையில் வாங்கி அந்த டெக்கில் போட்ட ஒரே பாட்டுக் கேசட் மச்சானுடையது.

பாய் தன் கடையில் இருந்த நல்ல டெக்கில் அந்தக் கேசட்டைப் போட்டார். பஸ்ஸில் கேட்ட அதே வேகம். அதே நாலு அடி. கிடாரிஸ்ட் ஒன்றும் செய்யவில்லை. பையன்கள் நன்றாகத்தான் வாசித்திருந்தார்கள். இயற்பியல் வாத்தியாரான எனக்கு இத்தனை வருடம் இது உறைக்கவில்லை. மோட்டாரை மாற்றித் தரட்டுமா என்று பாய் கேட்டார். வேண்டாம், பெல்ட் மட்டும் போடுங்கள், பழையபடியே ஓடட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். இனி வைத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

“எங்கண்ணன் டிரம்மை வித்துட்டு வந்த அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன். எங்க யார்கிட்டயும் பேசல. நேரா குளிக்கப் போயிட்டாரு.”

அதற்குப் பிறகு அன்று அவள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் பூசைக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். இன்றைக்கே அண்ணனிடம் சொல்ல வேண்டும், ஆனால் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும், முன்னால் சொன்னால் அவர் சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார் என்றாள். மட்டன் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மச்சான் என்னையும் என் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

சாப்பாடு முடிந்தது. அவர் வழக்கம்போல ரிமோட்டை எடுத்தார். நான் டிவியைப் போட வேண்டாம் என்று சொல்லி, டெக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கேசட்டைக் காட்டியதும் அடையாளம் தெரிந்துகொண்டார். முதல் பாட்டை ஓடவிட்டேன். கனத்த குரலும் இழுக்கிற டிரம்ஸும் வந்தன. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அதை நிறுத்திவிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் இணைத்து அதே பாட்டைப் போட்டேன். இரண்டாவது வரியில் அவர் நிமிர்ந்தார். நாலு அடி வரும் இடத்தில் அவர் வலது கால் தானாக ஒரு தட்டுத் தட்டியது. பாட்டு முடிந்ததும் மோட்டார் கதையைச் சொன்னேன். கடைசியாக, “கல்யாணப் பந்தி எழுதினது நான்தான் மச்சான்” என்றேன்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, டெக்கைப் பார்த்தார். இன்னொரு தடவை போடு என்றார். எதை என்று கேட்டேன். ஃபோனில் இருப்பதை என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நான் விட்டதுக்கு நீ காரணமில்ல மாப்ளே. அப்பவே ஃபேக்டரி டிரெய்னிங்குக்கு லெட்டர் வந்துடுச்சு. பசங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம ரெண்டு மாசமாத் திரிஞ்சிட்டிருந்தேன். உன் பேப்பர் வந்துது. அதைக் காட்டி, என்னால உங்களுக்குக் கெட்ட பேருன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எனக்கு அது ஒரு வழி. அஞ்சு காப்பி வாங்கி வச்சிருந்தேன்.”

இத்தனை வருடம் எதைச் சுமந்தேனோ அதை அவர் சாக்காக வைத்திருந்திருக்கிறார். மனைவி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டிவி நடுவர் அழுதால் ரிமோட்டைத் தேடுகிறவன், நானும் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல வெட்கம் இல்லை.

அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

“ஆனா நீ எழுதினதை நான் நம்பிட்டேன். அதுதான் பேஜாரு. கேசட்டைப் போட்டுப் பாக்கவே மனசு வரல. நான் ஸ்லோதான்னு நெனச்சிட்டே இருந்துட்டேன்.”

எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பவன், மன்னிச்சிடுங்க மச்சான் என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை. ஃபோனை எடுத்து என் கையில் கொடுத்து, எட்டுப் பாட்டையும் ஒழுங்காக உட்கார்ந்து கேள், கேட்டுவிட்டு எழுதிக் கொடு என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருவரும் சேர்ந்தே கேட்டோம். பிறகு நான் என் பையிலிருந்து பள்ளி நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். இந்த முறை தமிழில். குழுவைத் தூக்கி நிறுத்துவது டிரம்ஸ்தான் என்று எழுதினேன். நாலு அடி வரும் அந்த இடத்தைப் பற்றி மட்டும் மூன்று வரி. முன்பு எழுதியது கேட்டவன் கருவியின் கோளாறு, வாசித்தவர் குறை அல்ல என்று எழுதினேன். கீழே என் சொந்தப் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பிறகு பேனாவை மூடப் போனவன் மூடவில்லை. ஐந்தாவது பாட்டு சரியான வேகத்தில் கேட்டாலும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கையெழுத்துக்கு மேலே இருந்த இடுக்கில் அதையும் எழுதிவிட்டேன்.

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசலில் நின்றிருந்த தங்கையைக் கூப்பிட்டு மேலேயிருந்து சத்தமாக வாசித்துக் காட்டினார். ஐந்தாவது பாட்டு வந்த இடத்தில் நிறுத்தினார். அவர் என்னைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“அஞ்சாவது பாட்டு இழுக்கும் மாப்ளே. ரெக்கார்டிங் அன்னிக்கே நான் சொன்னேன். நீ இதை எழுதலன்னா, மேல எழுதினதையும் எனக்காகச் சும்மா எழுதினதுன்னு நெனச்சிருப்பேன்.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்தார்.